மற்ற மூன்று பேரும்

ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட்டில், கார் திருத்தும் கடைகளுக்குப் பின்னால் நீண்டு கிடந்த செங்கல் கட்டடத்தின் நிலவறையில் அந்த அலுவலகம் இருந்தது. ஜனவரி மாதத் திங்கட்கிழமை காலை. நதீஷா பூட்ஸில் ஒட்டியிருந்த பனியைத் தட்டிவிட்டுப் படியிறங்கினாள்.

"மற்ற அறையெல்லாம் நல்ல சூடு. இந்த அறைக்குள்ள மட்டும் ஹீற்றர் ஏறாது," என்றார் முதலாளி குலசிங்கம், கதவைத் திறந்தபடி. "ஜக்கெற்றைக் கழட்டாதையும்."

யன்னல் இல்லாத அறை. ஒரு மேசை, ஒரு கணினி, சுவரோரம் இரும்புத் தட்டில் பதினாறு பழைய ஹாட் டிஸ்க்குகள். நிறுவனம் விற்பது ஒரேயொரு மென்பொருள். பழைய டிஸ்க்கில் உள்ள கோப்புகளைப் புதியதற்கு மாற்றும், எண்ணிச் சரிபார்க்கும், 'பிழையில்லை' என்று அறிக்கை தரும். அது சொன்னபடி நடக்கிறதா என்று பார்ப்பதே நதீஷாவின் வேலை. முன்பு அதைச் செய்த றெமிஜியஸ் நவம்பரில் இறந்துபோயிருந்தார். பஸ்ஸில், இருந்த இருக்கையிலேயே. கடைசித் தரிப்பில்தான் சாரதி கவனித்தாராம்.

"வெள்ளிக்கிழமை ஒரு ஆவணக் காப்பகத்துக்குக் குடுக்கோணும்," என்றார் குலசிங்கம். "சண்டையில தப்பின சனத்தின்ர சாட்சியங்கள். பதினொரு வருசமா வீடியோ எடுத்து வைச்சிருக்கினம். ரெண்டாயிரத்துச் சொச்சம். பழைய டிஸ்க் எல்லாம் சாகப்போகுது, அதை மாத்தத்தான் எங்களிட்ட வருகினம். இது முடிஞ்சால் நீர் பேமனன்ற். கடிதம் அண்டைக்கே தருவன்."

அந்தக் கடிதத்துக்காகத்தான் அவள் வந்திருந்தாள். மன்னாரில் தாய் தனியே இருந்தார். ஒரு கண் போய்விட்டது, மற்றது போய்க்கொண்டிருந்தது. அவரைக் கனடாவுக்கு அழைக்கும் விசாவுக்கு மகளின் நிரந்தர வேலைக் கடிதம் வேண்டும். செப்ரெம்பரில் முந்தைய வேலை போனதிலிருந்து விண்ணப்பம் அரைகுறையாகக் கிடந்தது.

றெமிஜியஸ் எழுதி வைத்த சோதனைகள் நானூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றும் சில பொய்க் கோப்புகளை உருவாக்கி, மென்பொருளைக் கொண்டு நகலெடுத்து, எண்ணிப் பார்த்து, கடைசியில் எல்லாவற்றையும் அழித்துவிடும். தேறினால் பச்சை வரி, தவறினால் சிவப்பு வரி. நதீஷா ஓடவிட்டாள். டிஸ்க்குகள் கிறுகிறுத்தன. பச்சை வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறின.

ஒன்று மட்டும் சிவப்பு.

சோதனை தவறும்போது திரையில் என்ன வர வேண்டும் என்பதை எழுதுகிறவரே தீர்மானிக்கலாம். பெரும்பாலும் எண்களைத்தான் போடுவார்கள். றெமிஜியஸ் தமிழில் எழுதியிருந்தார்.

'மற்ற மூன்று பேரும் எங்கே?'

அவள் சோதனையைப் பிரித்துப் படித்தாள். நான்கு கோப்புகள், நான்கு நீளமான பெயர்கள். முதலில் மாவட்டம், பிறகு ஊர், பிறகு தகப்பன் பெயர் அமிர்தநாதர், எல்லாவற்றுக்கும் கடைசியில் பிள்ளையின் பெயர். பேர்ணடெற், சீமோன், இக்னேசியஸ், ஜெசிந்தா. காப்பகத்தார் தங்கள் வீடியோக்களுக்குப் பெயரிடும் முறை அப்படியே.

தவறு எங்கே என்று அரை மணிநேரத்தில் பிடிபட்டது. தமிழ் எழுத்து டிஸ்க்கில் ஆங்கில எழுத்தைவிட மூன்று மடங்கு இடம் பிடிக்கும். பெயர் அளவுக்குமேல் நீண்டால் மென்பொருள் வாலை நறுக்கிவிடும். வாலில் இருப்பதோ பிள்ளையின் பெயர். அது போனால் ஒரு தகப்பனின் பிள்ளைகள் எல்லாரும் ஒரே பெயராகிவிடுவார்கள். ஒருவர்மேல் ஒருவராக எழுதப்பட்டு, கடைசியாக வந்தவர் மட்டும் எஞ்சுவார். அறிக்கை மட்டும் 'நான்கும் நகலாயின, பிழையில்லை' என்று சொல்லும்.

அவள் முதலாளியின் அறைக்கு ஓடிப்போய்ச் சொன்னாள். குலசிங்கம் தேநீரை ஊதிக்கொண்டே கேட்டார்.

"தெரியும் பிள்ளை. றெமியும் சொன்னவன். திருத்த மூண்டு கிழமை வேணும். அவை வெள்ளிக்கிழமை கேக்கினம். அதை ஸ்கிப் பண்ணிவிடும்."

"அண்ணை, அதுகள் திரும்ப எடுக்கேலாத சாட்சியங்கள். சொன்ன ஆக்களில பாதிப்பேர் இப்ப உயிரோடயே இல்லை."

"எங்கட சனம் வீடியோவைக் குடுத்திட்டுத் திரும்பிப் பாக்கிறேல்லை. ஆர் வந்து கேக்கப்போயினம்?" கோப்பையை வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அந்த நாலும் ஆரெண்டு தெரியுமே? அவன்ர கூடப்பிறந்ததுகள். கடைசிச் சண்டையில ஒரே பங்கர் குழிக்குள்ள... சோதனைக்கு ஆராவது தன்ர செத்த சகோதரங்களின்ர பேரைப் போடுவினமோ? ஒரு நாளைக்கு நாப்பது தரம் உண்டாக்கி, நாப்பது தரம் அழிக்கிறது. நான் அவனுக்குச் சொன்னனான், விசரா, வேற பேர் போடடா எண்டு."

செவ்வாய்க்கிழமை அவள் வேறு பெயர் போட்டுப் பார்த்தாள். நான்கு சின்ன ஆங்கிலப் பெயர்கள். பச்சை. பழையவற்றைத் திரும்பப் போட்டாள். சிவப்பு.

அப்போதுதான் அந்த மணம் வந்தது. ஊரில் வற்றிக் கிடக்கும் கடற்களப்பின் மணம். உப்பும் அழுகிய பாசியும் ஈர மண்ணும். ரொறன்ரோவின் ஜனவரியில் அப்படி மணக்க எதுவுமில்லை. மேலே போய் மூச்சுவிட்டுத் திரும்பினாள். எந்தச் சோதனையும் ஓடவில்லை. ஆனாலும் கடைசித் தட்டில் ஒரு டிஸ்க் மட்டும் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது.

டிக். டிக். டிக்.

நான்காவது தட்டலுக்குக் காத்திருந்தாள். வரவில்லை.

புதன்கிழமை, சோதனை அழித்திருக்க வேண்டிய கோப்புறை அழியாமல் கிடந்தது. உள்ளே நான்கு பெயர்கள். கையால் அழித்தாள். தேநீர்க் கோப்பையைக் கழுவிவிட்டு வந்து பார்த்தபோது மறுபடியும் இருந்தன.

இம்முறை ஐந்து.

ஐந்தாவதின் வாலில் றெமிஜியஸ் என்றிருந்தது.

மறுபடியும் சோதனையை ஓடவிட்டாள்.

'மற்ற நாலு பேரும் எங்கே?'

சோதனையைத் திறந்து வரிவரியாகத் தேடினாள். அங்கே 'மூன்று' என்றுதான் எழுதியிருந்தது.

வெள்ளிக்கிழமை விடிய, பஸ்ஸுக்கு நிற்கும்போது தாய் அழைத்தார். "கடிதம் இண்டைக்குத் தருவினமோ பிள்ளை? அவசரமில்லை. முகம் தெரியேக்குள்ள ஒருக்கா உன்னைப் பாக்கோணும் எண்டுதான்."

"ஓம் அம்மா. இண்டைக்குத் தருவினம்."

பத்து மணிக்கு அந்தச் சோதனையின் தலையில் 'தவிர்' என்ற கட்டளையைச் சேர்த்தாள். ஒரே ஒரு சொல். வேலையில் தினமும் யாரோ செய்வதுதான். ஓடவிட்டாள். நானூற்றுப் பதினொரு பச்சை. தவிர்த்ததைக் காட்ட அறிக்கையில் கட்டமே இல்லை. குலசிங்கம் அதை எப்போதோ எடுத்துவிட்டிருந்தார்.

அறிக்கையில் கையெழுத்திட்டாள்.

பதினாறு டிஸ்க்குகளும் ஒரே கணத்தில் நின்றன. மணம் போயிற்று. அறை முதல்முறையாகச் சூடாகத் தொடங்கியது. மாலை நான்கு மணிக்குக் கடிதம் கைக்கு வந்தது. அதில் அவள் பெயர் முழுதாக, பிழையில்லாமல் இருந்தது.

இரண்டு வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, காப்பகத்திலிருந்து விநாயகமூர்த்தி என்பவர் அழைத்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர், சாட்சியங்களில் பெரும்பாலானவற்றை அவரே கமராவுக்குப் பின்னால் நின்று எடுத்தவர்.

"வலு சந்தோசம் பிள்ளை. ஒரு பிழையுமில்லாமல் மாத்தியாச்சு எண்டு றிப்போர்ட் வந்தது. பழைய டிஸ்க்கெல்லாம் அரைச்சு அழிக்கக் குடுத்திட்டம்."

நதீஷா கண்களை மூடிக்கொண்டாள். "நல்லது அங்கிள்."

"ஒரு சின்ன விசயம் கேக்கோணும். இண்டைக்குத்தான் திறந்து பாக்கிறன். எதைத் திறந்தாலும் நான் எடுத்தது இல்லை. யன்னல் இல்லாத ஒரு அறை. ஒரு பொம்பிளைப் பிள்ளை முதுகு காட்டிக்கொண்டு இருக்கிறா. கறுப்பு ஜக்கெற். போன் கதைக்கிறா."

அவள் இன்னும் கழட்டாத தன் கறுப்பு ஜக்கெற்றைக் குனிந்து பார்த்தாள்.

"கையை மேசையிலயிருந்து எடுத்திட்டா."

அவள் கையை மடியில் வைத்திருந்தாள்.

"அங்கிள்," என்றாள். "அந்த அறையில... வேற ஆரும் நிக்கினமோ?"

அவர் எண்ணுகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது.

"வேற ஆரும் நிக்கினமோ எண்டோ கேக்கிறீர்? அறை முட்டச் சனம், பிள்ளை. அவவுக்குப் பின்னால, கதவு வரைக்கும். எங்களிட்ட வந்து சொன்ன சனம்தான். முகமெல்லாம் எனக்குத் தெரியும். ஒருத்தரும் கதைக்கினமில்லை. அவவின்ர முதுகையே பாத்துக்கொண்டு நிக்கினம்."

தொலைபேசித் தொடர்பு அத்துடன் அறுந்தது.

நதீஷா திரும்பவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அணைந்திருந்தது. அதன் கறுப்பில் அவளுடைய முகமும் பின்னால் வெறும் சுவரும் மட்டுமே தெரிந்தன.

அவளுடைய காதுக்கு மிக அருகில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். நீண்ட ஒன்றைச் சொல்லத் தொடங்குமுன் இழுப்பதைப்போல.