பூச்சி அரிக்காத கீரை

கீரையில் ஒரு ஓட்டைகூட இல்லை. வேரோடு பிடுங்கியதைச் சாக்கில் திணிக்கும் முன் அக்கா இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். புழு ஊரவில்லை, எறும்புகூட எட்டிப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுச் செடிகளைப் பூச்சி மொய்த்துக் கிடக்க, இந்தப் பால்கனியில் மட்டும் எல்லாம் தளதளவென்று நின்றது. நேற்றுவரை அதில் அவளுக்கு ஒரே பெருமை.

பெருமையெல்லாம் அவள் கொண்டுவந்த மண்ணால். சாக்கடைத் தண்ணீர் சுத்திகரிக்கும் நிலையத்தில், கழிவுச் சேற்றை வெயிலில் காயப்போட்டுக் கிளறுவது அவள் வேலை. காய்ந்துவிட்டால் நாற்றமே இருக்காது, பொலபொலவென்று அருமையான எரு. மாசமாக இருக்கும் தங்கை நல்ல கீரையாகச் சாப்பிடட்டும் என்று மூட்டை மூட்டையாகச் சுமந்து வந்தாள். ஏற்கெனவே இரண்டு முறை கலைந்த வயிறு. இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டுமே என்று அவள் வேண்டாத நாளில்லை.

இன்று மதியம்தான் ஆய்வகக்காரர் சாவகாசமாகச் சொன்னார். "முலாம் பூசுற பட்டறைத் தண்ணியெல்லாம் இங்கதாம்மா வருது. சேத்துல ஈயம், காட்மியம்னு விஷம் எக்கச்சக்கம். செடி அப்படியே உறிஞ்சிக்கும், தின்னவங்க ஈறுல நீலக்கோடு விழும். யாரும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலியே?"

இல்லையென்று தலையாட்டிவிட்டு, வேலை முடியுமுன்பே வீட்டுக்குக் கிளம்பிவந்தாள்.

"எதுக்குக்கா பிடுங்குற?" தங்கை உள்ளேயிருந்து கேட்டாள்.

"பூச்சி விழுந்துடுச்சுடி."

"மண்ணையும் கொட்டிடுவியா?"

"நாளைக்கு."

தொட்டிகளில் மண் பாதிதான் இருந்தது. தண்ணீர் ஊற்றி ஊற்றி இறுகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அதற்குமேல் யோசிக்க உடம்பில் தெம்பில்லை. அடித்துப் போட்டாற்போல் கூடத்துத் தரையிலேயே சாய்ந்தாள்.

இருட்டும் நேரத்தில் மின்சாரம் போயிற்று. விசிறி சுற்றிச் சுற்றி ஓய்ந்து, எதிர்வீட்டுத் தொலைக்காட்சியும் வாயடைத்து, குழாய்க்குள் யார் வீட்டுத் தண்ணீரோ இறங்கிப் போகும் சத்தமும் மெல்ல அடங்கிய பிறகு, ஈர மண்ணோடு பழைய சாவிக்கொத்து வாடையும் கலந்து பால்கனிப் பக்கமிருந்து வந்தது. கூடவே ஒரு சத்தம். நறநற.

எலியாக இருக்கும். எழுந்திருக்க அலுப்பு.

நறநற.

நின்றது. பிறகு, விழுங்கும் சத்தம்.

எலி இப்படி விழுங்காது.

சுவரைப் பிடித்துக்கொண்டு போனாள். தொட்டிகளுக்கு நடுவே தங்கை காலை அகட்டி உட்கார்ந்திருந்தாள். முழங்கைவரை மண். வாயெல்லாம் மண்.

"துப்புடி! ஐயோ, துப்பித் தொலைடி!"

விரலை விட்டு வழித்தெடுத்தாள். தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். கைபேசி வெளிச்சத்தில், பல்லும் ஈறும் சேரும் இடத்தில் மையிட்டது போல ஒரு நீலக்கோடு. பார்த்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. எல்லாம் தன் கையால் சுமந்து வந்தது.

"எந்திரி. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"எனக்கு ஒண்ணும் வேணாங்க்கா. அதுதான் விடமாட்டேங்குது." தங்கையின் குரலிலும் அதே அலுப்பு. அக்காவின் தலையை இழுத்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டாள். "நீயே கேளு."

தங்கையின் வாய் மூடியிருந்தது. உதடு அசையவில்லை.

நறநற.

காதுக்கு நேராக. உள்ளே. நிதானமாக மென்றுகொண்டிருந்தது.

பிறகு நின்றது. உள்ளிருந்து ஒரு தட்டு. இன்னொரு தட்டு.

"குடுக்கலேன்னா போயிடுவேங்குது," தங்கை தேம்பினாள். "மத்த ரெண்டும் போன மாதிரியே. இதையும் விட்டுடலாமாக்கா?"

மறுபடி தட்டியது. இந்த முறை மெதுவாக. சோர்ந்துபோய்.

"வேண்டாம்டி," என்றாள் அக்கா. காதை வயிற்றிலிருந்து எடுக்காமலே கையை நீட்டி, தொட்டிக்குள் விட்டு, ஒரு பிடி அள்ளினாள். கட்டியில்லாமல் விரலால் நசுக்கினாள்.

"ஆ காட்டு."