நான்கு விரல் தண்ணீர்

வக்கீல் வெளியூர் போயிருந்த நேரம் பார்த்துத்தான் பைண்டிங் கடைக்காரர் வந்து சேர்ந்தார். கையிலிருந்த புத்தகம் நனைந்து காய்ந்து அப்பம் போல உப்பியிருந்தது.

"நூலகத்துப் புத்தகம்மா. மொத்தம் நாற்பது. தைச்சு, அட்டை போட்டு, கொடுக்கப்போற நேரத்துல மாடியிலிருந்து தண்ணி ஒழுகி எல்லாம் பாழ். மேல சலவைக்கடை வச்சிருக்காங்களே, அந்த அக்கா வேலைதான். திங்கக்கிழமை காலையில பத்து மணிக்கு வர்றேன், மேஜை மேல அத்தனையும் சொதசொதன்னு கிடக்கு. பாவம் எங்க அண்ணன், எனக்கு முன்னாடியே வந்து தரையெல்லாம் பளிச்சுனு துடைச்சு வச்சிருந்தாரு. புத்தகத்தை யாரு துடைக்கிறது?"

குமாஸ்தாவுக்குக் கை பரபரத்தது. பத்து வருடமாக வக்கீல் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தவள் அவள். தனக்கும் துப்புத் துலக்கத் தெரியும் என்பது அவளுடைய நெடுநாள் நம்பிக்கை. அவசரத்துக்கென்று வக்கீல் கையெழுத்திட்டு வைத்திருந்த தாளொன்றை எடுத்தாள். நஷ்டஈடு கேட்டு ஒரு நோட்டீஸ் தயாரானது. கட்டடச் சொந்தக்காரருக்கும் ஒரு நகல் போனது. அதோடு விட்டிருக்கலாம். தானே மாடியேறிப்போய், சலவைக்கடையில் ஆறேழு வாடிக்கையாளர்கள் நிற்க, முதல் வரியிலிருந்து உரக்கப் படித்தும் காட்டினாள்.

"ஞாயித்துக்கிழமை நான் கடையே திறக்கலையேம்மா. மோட்டாரும் போடல, மேல்தொட்டி காலி" என்றாள் சலவைக்கடை அக்கா.

"அதையெல்லாம் கோர்ட்ல வந்து சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தாள் குமாஸ்தா.

வியாழக்கிழமை வக்கீல் திரும்பினார். நோட்டீஸின் நகலை இரண்டு முறை படித்தார். குரலை உயர்த்தாத மனிதர், அன்றும் உயர்த்தவில்லை.

"கட்டடக்காரர் என்ன சொன்னார்?"

"மாசக் கடைசிக்குள்ள அக்காவைக் காலி பண்ணச் சொல்லிட்டார் சார். கூடக் குடியிருக்கிறவங்களுக்கு நஷ்டம் பண்ணினா இடத்தை விடணும்னு ஒப்பந்தத்துலேயே இருக்காம்." அவள் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

"கீழ்க்கடைக்குள்ள போய்ப் பார்த்தியா?"

"இல்ல சார். மாடிக்குத்தான் போனேன்."

"அப்போ மேல இருந்துதான் தண்ணி வந்துச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் தரையைப் பார்த்தாள். "கடைக்காரர் சொன்னார்…"

"சொல்றவங்கதான் நிரூபிக்கணும்மா. 'நான் பண்ணல'ன்னு அந்த அக்கா நிரூபிக்க வேண்டியதில்ல. கையெழுத்துப் போட்ட தாளை விட்டுட்டுப் போனது என் தப்பு. வா, இப்பவாவது பார்ப்போம்."

பைண்டிங் கடை, தெருவிலிருந்து இரண்டு படி கீழே இறங்கும் பள்ளமான அறை. வாசலில் உயரமான நிலைப்படி. உள்ளே பசை வாடை. கடைக்காரரான தம்பி, காகிதம் வெட்டும் இயந்திரத்தருகே நின்றார். அண்ணன் மூலையில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் சொந்தமாக அச்சகம் வைத்து நொடித்துப்போனவர். இப்போது தம்பியிடம்தான் வேலை. வக்கீல் சொல்லியனுப்பியதால் சலவைக்கடை அக்காவும் வந்து, உள்ளே வராமல் படியிலேயே நின்றாள்.

வக்கீல் ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டார். எந்த வழக்குக்கும் முன்னால் அவருக்கு அப்படியொரு வேண்டுதல் உண்டு. பிறகு அண்ணாந்து பார்த்தார். கூரையில் பழுப்பாக ஒரு கறை. அதன் குறுக்கே சிலந்தி வலை, தூசி படிந்து, ஓரிழைகூட அறாமல்.

குமாஸ்தாவும் அண்ணாந்து பார்த்தாள். தண்ணீர் ஒழுகியிருந்தால் அந்த வலை அறுந்திருக்கும்.

வக்கீல் மேஜையிலிருந்த புத்தகங்களை ஒவ்வொன்றாக நிறுத்தி வைத்தார். "எந்தப் புத்தகத்துலயும் மேல் ஓரம் நனையல, பார்த்தியா? கீழ் ஓரத்திலிருந்து நாலு விரல் உயரத்துக்கு மட்டும் கறை. எல்லாத்துலயும் ஒரே அளவு. தைச்ச புத்தகத்தை எங்கே வைப்பீங்க?"

"தரையில, சுவரோரமா நிக்க வைப்போம்" என்ற தம்பி சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

வக்கீல் குனிந்து, மர முக்காலியின் காலில் விரல்களை வைத்து அளந்தார். அங்கேயும் ஒரு கோடு. நான்கு விரல்.

"மேல இருந்து ஒழுகின தண்ணி முக்காலியை இப்படிக் கோடு போட்டு அளந்திருக்காது. இந்த அறையில தண்ணி தேங்கி நின்னிருக்கு. நிலைப்படி உயரம், வெளியே போக வழியில்ல. பைண்டிங் கடைத் தரையில எப்பவும் வெட்டின காகிதம் கணுக்காலளவு கிடக்கும். திங்கக்கிழமை மட்டும் பளிச்சுனு இருந்துச்சுன்னு நோட்டீஸ்லயே இருக்கு." மூலையிலிருந்த குழாயையும், அதன் கீழே தொட்டி ஓட்டையில் பசையோடு அடைத்திருந்த காகிதத் துணுக்குகளையும் அவர் பார்த்தார். ஆனால் சுட்டிக்காட்டவில்லை. "யார் மேலயும் பழி போட நான் வரல. மாடியிலிருந்து தண்ணி வரல, அவ்வளவுதான். மிச்சத்தைச் சொல்ல வேண்டியவங்க அவங்களாவே சொன்னா அதுக்கு மரியாதை."

மூலையிலிருந்த அண்ணன் நூலைக் கீழே வைத்தார்.

"நான்தான். சனிக்கிழமை சாயங்காலம் பசைத் தூரிகை கழுவக் குழாயைத் திறந்தேன். தண்ணி வரல. மூட மறந்துட்டுப் போயிட்டேன். ஞாயித்துக்கிழமை விடியக்காலையில முனிசிபாலிட்டியில தண்ணி விட்டிருக்காங்க. திங்கக்கிழமை வந்து பார்த்தா உள்ளே குளம்." கூரையிலிருந்த பழைய கறையைக் கைகாட்டினார். "வாளி வாளியா இறைச்சுட்டு, புத்தகத்தையெல்லாம் அந்தக் கறைக்குக் கீழே தூக்கி வச்சேன். சொந்தத் தொழிலைத் தொலைச்சவன், தம்பி தொழிலையும் தொலைச்சான்னு பேர் வந்துடுமேன்னு… பொய்யைச் சொல்லக்கூட இல்ல. கூரையைப் பார்த்தேன், அவ்வளவுதான். மிச்சத்தைத் தம்பியே சொல்லிக்கிட்டான்."

"ஏண்ணே," என்றார் தம்பி. முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். "என்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா? திட்டியிருப்பேன், அதுக்கப்புறம் ரெண்டு பேருமா உட்கார்ந்து காய வச்சிருப்போம்."

படியில் நின்ற அக்கா உள்ளே இறங்கி வந்தாள். ஒரு புத்தகத்தைப் பிரித்து, அலையலையாகச் சுருண்ட தாளைத் தடவினாள். "தையலைப் பிரிச்சுக் கொடுங்கண்ணே. மேல ஒரு துணியைப் போட்டு, லேசான சூட்டுல தேய்ச்சா படியும். கறை போகாது. ஆனா படிக்கலாம்."

பெரியவர் கைகூப்பினார்.

குமாஸ்தா அங்கே நிற்க முடியாமல் அலுவலகத்துக்கு நடந்தாள். நோட்டீஸைத் திரும்பப் பெறும் கடிதத்தை அடித்தாள். வக்கீல் பின்னாலேயே வந்து, ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டுக் கையெழுத்திட்டார்.

"கட்டடக்காரருக்கு நானே நேர்ல கொண்டுபோறேன். காலி பண்ணச் சொன்னதை அவர் எழுத்துலயே ரத்து பண்ணணும். அக்காவுக்கு…"

"நான் போறேன் சார்."

சாயங்காலம் சலவைக்கடையில் கூட்டம். அக்கா கடிதத்தை வாங்கப் பார்த்தாள். "கொடும்மா, அப்புறம் யாரையாவது படிக்கச் சொல்லிக்கிறேன்."

"இல்லக்கா. அன்னிக்கு நான்தானே படிச்சேன்."

மூட்டையோடு நின்றவர்களில் இரண்டு பேர் அன்றும் இருந்தவர்கள். குமாஸ்தா தொண்டையைச் செருமிக்கொண்டு, முதல் வரியிலிருந்து, அன்றைக்குப் படித்த அதே உரத்த குரலில் படிக்கத் தொடங்கினாள்.

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, வாடிக்கையாளருக்கென்று போட்டிருந்த நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினாள்.