ஏழாம் அறையின் மூடி

எங்கள் பட்டறையில் கட்டிய போர்க்கப்பல் இரண்டு வருடம் சண்டையில் அடிபட்டு, பழுது பார்க்க எங்களிடமே திரும்பி வந்தது. கப்பல் நின்ற உலர்துறையில் இருந்த தண்ணீரை இறைத்ததும் அதன் வயிறு தெரிந்தது. சிப்பி, துரு, இடப்பக்கம் ஓர் ஆள் நுழையும் ஓட்டை. எல்லோரும் கைதட்டினார்கள். நான் மட்டும் கைதட்டவில்லை.

காரணத்தை மறைத்து என்ன ஆகப்போகிறது? சொல்லிவிடுகிறேன். கப்பலின் அடித்தளத்தில் வரிசையாக இரும்பு அறைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரே வாய், ஓர் ஆள் நெளிந்து நுழையும் அளவு. உள்ளே போகிறவன் தன் எண் பொறித்த பித்தளை வில்லையை வெளியே பலகையில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். திரும்பி வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். பலகை காலியானால்தான் மூடியைப் போட்டு நட்டு முடுக்கலாம். முடுக்குவது என் வேலை.

கப்பலைக் கடலில் இறக்கிய அன்று, ஏழாம் அறையை மூடும்போது உள்ளே யாரோ தட்டுவதுபோல் கேட்டது. மேஸ்திரியிடம் சொன்னேன். மணி பார்த்துப் பார்த்தே ஆளை விரட்டுவதால் அவருக்குக் ‘கடிகாரம்’ என்று பெயர்.

“கப்பலுக்குக் கீழ ஆப்பு அடிக்கிறானுங்கடா. பலகைதான் காலியா இருக்கே, முடுக்கு.”

முடுக்கினேன். அன்று வெல்டர் அத்தான், என் அக்கா புருஷன், வீடு திரும்பவில்லை. போருக்குப் பயந்து ஓடிவிட்டான் என்று எழுதிவிட்டார்கள். ‘ஓடிப்போனவன் பொண்டாட்டி’ என்று குழாயடியில் அக்காவைக் குத்திக் காட்டினார்கள். எனக்கு உண்மை தெரியும். அவள் போட்ட சோற்றைத் தின்றுகொண்டே இரண்டு வருடம் வாயைத் திறக்கவில்லை. நானும் ஒரு மனுஷன்!

கப்பலில் வந்த எஞ்சின்காரன் ஒருவன் என் காதோரம் சொன்னான். “அண்ணே, ஏழாம் அறைக்கு மேல எவனும் படுக்கறதில்ல. குண்டு விழும்போதுகூட பயமில்ல. குண்டு நின்னதும் உள்ள தட்டும் பாருங்க, அப்பத்தான் உசுரே போகும்.”

மறுநாள் உச்சிவேளை, ஆட்கள் சாப்பிடப் போனதும் கடிகாரம் என்னைத் தனியே அழைத்தார். கையில் ஒரு சாக்கு.

“நீயும் நானும் மட்டும். எலும்ப அள்ளிட்டா முடிஞ்சுது. வெளிய தெரிஞ்சா எனக்கு மட்டுமில்ல, முடுக்கின கைக்கும் தூக்குதான்.”

மேலே மண்டை பிளக்கும் வெயில். ஏணி ஏணியாக இறங்கினால் கும்மிருட்டு. நட்டுகளைக் கழற்றி, கடப்பாரையால் நெம்பி மூடியை நகர்த்தினேன். அழுகல் நாற்றம் வரும் என்று மூக்கைப் பொத்தினேன். வரவில்லை. சற்றுமுன் வெல்டிங் வைத்ததுபோல் சூட்டு வாடை வந்தது.

கடிகாரம் விளக்கோடு உள்ளே நுழைந்தார். நான் வாயருகே குந்தி, விளக்கின் வயரைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“இருக்கான்,” என்று முணுமுணுத்தார். கொஞ்ச நேரம் கழித்து, “டேய், காலைப் பிடிக்காதடா.”

“நான் வெளியதானே இருக்கேன், மேஸ்திரி.”

உள்ளே விளக்கு வெளிச்சம் தடுமாறியது.

மூடி நகர்ந்தது. தானாகச் சறுக்கி வந்து, வயரை நறுக்கிக்கொண்டு வாயில் உட்கார்ந்தது. என் கைவிளக்கைப் போட்டுப் பார்த்தேன்.

கழற்றி வைத்திருந்த முதல் நட்டு தானாக ஏறிச் சுழன்றது.

ஸ்பேனர் என் மடியில் கிடந்தது.

இரண்டாவது. மூன்றாவது. அவசரமே இல்லாமல், முறையாக.

“திறடா!” உள்ளே கடிகாரம் அலறினார். “அன்னிக்குக் கப்பல இறக்க நேரமாயிடுச்சுடா, அவன் வெளிய வரவேயில்ல! அவன் வில்லையக் கழட்டினது நான்தான்! தட்டினதும் கேட்டுச்சு, ஒத்துக்கறேன்! திறடா!”

ஸ்பேனரை எடுத்து ஒரு நட்டில் மாட்டினேன். சத்தியமாகச் சொல்கிறேன், அது அசைந்தது. நினைத்திருந்தால் திறந்திருக்கலாம். குழாயடியிலிருந்து தலைகுனிந்து வரும் அக்காவின் முகம் ஞாபகம் வந்தது. கையை எடுத்துவிட்டேன்.

“நல்லா வேணும்,” என்று வாய்விட்டே சொன்னேன்.

தட்டினார், தட்டினார், தட்டிக்கொண்டே இருந்தார். சத்தம் அடங்கிய பிறகு நானே நட்டுகளைக் கழற்றினேன். எல்லாம் இலகுவாக வந்தன. அதற்கப்புறம்தான் ஆட்களைக் கூப்பிட்டேன். கடிகாரத்தின் விரல் நகங்கள் ஒன்றுகூட மிச்சமில்லை. அவர் மார்பின் குறுக்கே அத்தானின் எலும்புக் கை கிடந்தது.

மூடி சறுக்கி விழுந்துவிட்டது என்றேன். மேஸ்திரி கதறிச் சொன்னதையும் சொன்னேன். என் பங்கை மட்டும் விழுங்கிவிட்டேன். அத்தான் ஓடவில்லை என்று பட்டறையே ஒத்துக்கொண்டது. எலும்பைப் பெட்டியில் வைத்து மறுநாள் மதியத்தில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். குழாயடிப் பெண்கள் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அப்பாடா என்றிருந்தது எனக்கு.

அவர்கள் போனதும் அக்கா பெட்டியருகே உட்கார்ந்தாள்.

“வில்லையக் கழட்டினது மேஸ்திரி. சரி. அன்னிக்கு நட்டு முடுக்கினது யாருடா?”

“தெரியலக்கா.”

தெருக்கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது. ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன.

அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெட்டியின் மேல் காதை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு நிமிர்ந்தாள்.

“அவருக்குத் தெரியுமாம், தம்பி.”