அவள் போனில் இல்லாத அலைவரிசை

மழைதான் அவளைத் தள்ளிக்கொண்டுபோய் அந்தக் கடைக்குள் போட்டது. இல்லாவிட்டால் அந்த ஓட்டைக் கடையை அவள் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டாள். அவள் தேடி வந்தது தெருமுனையில் இருந்த பெரிய போன் கடையை. அது ஷட்டரை இறக்கியிருந்தது. கைப்பையை நெஞ்சோடு அணைத்து, தலையை மழைக்குக் கொடுத்துவிட்டு ஓடிவந்து ஏறினாள்.

உள்ளே ஒருத்தன் பிரித்துப்போட்ட போன் ஒன்றைக் கிண்டிக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தான்.

"ஹலோ... கடை திறந்திருக்கா?"

நிமிர்ந்தான். வலது கண்ணில் பூதக்கண்ணாடி. அந்த ஒரு கண் மட்டும் எலுமிச்சம்பழ அளவுக்குப் பெரிதாகி, இமைமயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிய, அவளையே பார்த்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது... பல நாளாகச் சிரிக்காதவளுக்கு.

"என்ன சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல. இவ்ளோ பெரிய கண்ணுக்கு நான் எப்படித் தெரிவேன்னு யோசிச்சேன்."

"நனைஞ்ச கோழி மாதிரி தெரியறீங்க. கொஞ்சம் பெரிய கோழி."

பூதக்கண்ணாடி! அந்த நிமிடமே அவனுக்குப் பெயர் வைத்துவிட்டாள். கண்ணாடியைக் கழற்றினான். சாதாரணக் கண்தான். ஆனால் சாதாரணமாகப் பார்க்கவில்லை அது...

அவள் போனை எடுத்து மேசையில் வைத்தாள். வெளிநாட்டில் வீட்டுவேலை செய்யும் சித்தி அனுப்பிய போன். அந்த நாட்டுக் கம்பெனியின் சிம்மைத் தவிர வேறு எதையும் ஏற்காது.

"பூட்டு எடுக்கணும். என் சிம் பச்சைக் கம்பெனி. அது வேலை செய்யணும். இப்பவே."

"இப்பவேவா? யாராவது கூப்பிடுவாங்களா?"

"உங்க வேலையைப் பாருங்க."

கூப்பிடுவார்கள். நாளைக் காலை பத்து மணிக்கு, தண்ணீர் பரிசோதனைக்கூடத்திலிருந்து. போனிலேயே நேர்காணல். வேதியியல் படித்து முடித்து, நாற்பது இடத்துக்கு விண்ணப்பம் போட்டு, வரப்போகிற முதல் அழைப்பு. அவர்கள் குடும்பத்திலேயே கல்லூரி வாசலை மிதித்தவள் அவள் ஒருத்திதான். அதனால் அவள் சந்தில் எல்லோருக்கும் அவள் 'டிகிரி'. "டிகிரி, குழாயில தண்ணி வருதா பாரு." "என்ன டிகிரி, இன்னும் வேலை கிடைக்கலையா?" அப்பா சரக்கு வேன் ஓட்டுகிறவர். கறாராகச் சொல்லிவிட்டார். இந்த மாதத்துக்குள் வேலை; இல்லாவிட்டால் பெரியப்பா சொன்ன மாப்பிள்ளை. கைக்கு வரும்வரை யாரிடமும் மூச்சு விடாதே என்று அம்மா சொல்லியிருந்ததால், இந்தப் பூதக்கண்ணாடியிடமும் மூச்சு விடவில்லை.

பழைய போனில் மைக் போய்விட்டது. அவள் பேசினால் எதிராளிக்குக் கேட்காது. ஆகவே இந்த போன்தான் கதி.

முக்கால் மணி நேரம். போன் கம்ப்யூட்டரோடு ஒயரில் தொங்க, மழை கூரைத் தகரத்தில் கொட்டு அடிக்க, அவன் நடுநடுவே பேச்சுக் கொடுத்தான்.

"வீடு எங்க?"

"ரயில் மேட்டுக்கு அந்தப் பக்கம். பள்ளத்துல. ஏன், கொண்டுவந்து விடப் போறீங்களா?"

"மழை நின்னா விடலாம். ஆனா நிக்காம இருந்தா நல்லாயிருக்கும்."

அவள் மழையைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டாள். காது மடல் சுட்டது. வாய்க்கு வாய் பேசுகிறவள்தான்... இதற்கு மட்டும் வாய் அடைத்துப்போனது.

அவளுடைய சிம்மைப் போட்டான். திரையில் கோடுகள் ஒன்றன் மேல் ஒன்றாக எழுந்து, நாலும் நிறைந்தன.

"ஆச்சு. இனிமே எந்தக் கம்பெனி சிம் போட்டாலும் ஏத்துக்கும்."

அன்று அவள் நனைந்துகொண்டேதான் வீட்டுக்குப் போனாள். நனைவது தெரியவில்லை.

மறுநாள் காலை. இருப்பதில் நல்ல சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டாள். போனில் யார் பார்க்கப் போகிறார்கள்? இருந்தாலும் போட்டுக்கொண்டாள். அம்மாவைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினாள். சத்தம் வரக்கூடாதென்று ஜன்னலைச் சாத்தினாள், கதவைச் சாத்தினாள், உள்ளறையின் மூலையில் சுவரோடு சுவராக உட்கார்ந்தாள். மடியில் குளோரின், கடினத்தன்மை, கலங்கல் என்று எழுதிய தாள்கள். போனில் ஒரு கோடு வந்தது... போனது... வந்தது. புது போன், அப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டாள்.

பத்து. பத்தேகால். பத்தரை. பதினொன்று.

போன் வாயைத் திறக்கவில்லை.

பதினொன்றேகாலுக்கு எழுந்து, ரயில் மேட்டுப் படிக்கட்டில் ஏறினாள். உச்சிக்குப் போனதும் போன் கையில் துடித்தது. ஒரு குறுஞ்செய்தி. இன்னொன்று. இன்னொன்று. தங்களை இந்த எண்ணிலிருந்து 10.02க்கு அழைத்தார்கள். 10.09க்கு அழைத்தார்கள். 10.20க்கு அழைத்தார்கள்.

அந்த எண்ணைக் கூப்பிட்டாள். ஒரு பெண் எடுத்தாள்.

"மூணு தடவை கூப்பிட்டோம்மா. அடுத்தவங்ககிட்ட பேசி, அவங்களையே எடுத்தாச்சு."

"மேடம், நான் போன் பக்கத்துலயேதான் உக்காந்திருந்தேன்..."

"எல்லாரும் அதைத்தான்மா சொல்றாங்க."

அவ்வளவுதான். மூன்று வருடப் படிப்பு ஒன்றரை நிமிடத்தில் முடிந்துபோனது.

கடைக்கு எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. போனை மேசைமேல் அடித்த அடியில் திருகாணிகள் துள்ளின.

"எந்த சிம்மும் வேலை செய்யும்னீங்களே! செஞ்சுதா? என் வேலை போச்சு. கேக்குதா? இன்டர்வியூ. மூணு தடவை கூப்பிட்டிருக்காங்க!"

அவன் முகத்தில் ரத்தம் இல்லை. எழுந்தவன் மறுபடி உட்கார்ந்துவிட்டான்.

"இன்டர்வியூவா..."

"பின்ன, எனக்கு என்ன, நாட்டோட அதிபரா கூப்பிடுவாரு? எப்படி வராம போகும்? பூட்டு எடுத்தீங்களா இல்லையா?"

"எடுத்தேன். பூட்டுங்கறது வேற, மேடம்." போனை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். "எந்தக் கம்பெனியோட பேசலாம்ங்கற அனுமதிதான் அது. அலைவரிசைங்கறது போனோட காது. பச்சைக் கம்பெனி ரெண்டு அலைவரிசையில பேசுது. ஒண்ணு உசந்தது. வேகமா வரும், ஆனா மேடோ செவுரோ குறுக்க வந்தா செத்துரும். இன்னொண்ணு தாழ்ந்தது. அது எதையும் தாண்டி உள்ள வரும். உங்க பள்ளத்துக்கு அது ஒண்ணுதான் வருது. இந்த போன் வித்த நாட்டுல அந்த அலை இல்ல. அதனால இதுக்கு அந்தக் காதே வைக்கலை. இங்க கடைக்கு எதிர்லயே டவர் இருக்கு, நாலு கோடு காட்டுச்சு."

"ஓஹோ. இவ்ளோவும் இன்னைக்கு ஒப்பிக்கிறீங்க. நேத்து இந்த வாய் எங்க போச்சு?"

அவன் தலை குனிந்தான்.

"தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லணும். போர்டை மாட்டிக்கிட்டு அடுத்தவ வாழ்க்கையில கைவைக்கக் கூடாது."

"தப்புதான்" என்றான். திட்டுவதற்குக்கூட இடம் கொடுக்காத ஆளிடம் எவ்வளவு நேரம்தான் திட்டுவது? வெளியே வந்து, நடைபாதை ஓரத்தில் நின்று, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள்.

இரண்டு நாள் கழித்து அவனே பள்ளத்துக்கு வந்தான். தோள்பையில் நாலு போன், எல்லாக் கம்பெனி சிம்களும். சந்து சந்தாக நடந்து, ஒவ்வொரு வாசலிலும் எந்த அலை எவ்வளவு வருகிறதென்று பார்த்தான். அவள் முறைத்துக்கொண்டே பின்னால் போய், நோட்டில் குறித்தாள். ஏன் போனாள்? பரிசோதனை என்றால் அவளுக்குக் கை பரபரக்கும். அவ்வளவுதான்... அவ்வளவேதான் என்று சொல்லிக்கொண்டாள்.

"மஞ்சள் கம்பெனி உங்க படிக்கட்டுல மூணாவது படி வரைக்கும் வருது" என்றான்.

"அப்ப நான் மூணாவது படியில குடித்தனம் பண்றேன். நீங்க வந்து பால் காய்ச்சிக் குடுங்க."

முதல்முறையாக அவன் சிரித்தான். சட்டென்று நிறுத்திக்கொண்டான்.

நாற்பது விண்ணப்பத்திலும் கொடுத்திருந்த எண்ணை மாற்ற முடியாது, கம்பெனியையும் மாற்றிப் பயனில்லை. பச்சையின் தாழ்ந்த அலை மட்டும்தான் அவள் வீட்டுக்குள் நுழைந்தது. கடைசியில் தன் சட்டைப்பையிலிருந்து தன்னுடைய போனையே எடுத்தான்.

"இதுல எல்லா அலைவரிசையும் உண்டு. உங்க சிம்மை இதுல போடுங்க. நான் உங்களோடதை வெச்சிக்கறேன். கடையிலயே கிடக்கிறவனுக்கு அது போதும்."

"எனக்குத் தானம் வேணாம்."

"தானம் இல்ல. பிராயச்சித்தம்."

சும்மா வாங்க அவளுக்கு மனமில்லை. அதற்கு ஈடாக, மாலை மாலை கடைக்குப் போய் அவனுடைய குப்பை மேட்டைப் பிரித்துக் கொடுத்தாள். எந்தத் திருகாணி எந்த போனுக்கு, எந்த ஆன்டெனா எந்த மாடலுக்கு... சின்னச் சின்ன டப்பாக்கள், அவற்றின்மேல் அவள் கையெழுத்து. ஒரே டப்பாவுக்கு இரண்டு கைகள் நீளும். இரண்டும் பின்வாங்கும். அவள் நிமிர்ந்தால் அவன் கண் அவள்மேல் இருக்கும். அவள் பார்த்தால் குற்றவாளி மாதிரி விலகும். வெட்கம் என்று நினைத்தாள். பேச்செல்லாம் இருக்கிறது, தைரியம் இல்லை பூதக்கண்ணாடிக்கு... தனக்குள் சிரித்துக்கொண்டாள். விளங்காமல் போன அந்த மாதத்தில் விளங்கிய ஒரே நேரம் அந்த ஒரு மணி நேரம்தான்.

வேறெந்த அழைப்பும் வரவில்லை. மாதம் முடிந்தது.

"இது யார் போன்?" அப்பா சாப்பிட்ட கையைக் கழுவாமலேயே கேட்டார்.

"கடைக்காரரோடது. மாத்திக் குடுத்திருக்காரு."

"எவனோ ஒருத்தன் அவன் போனைக் கழட்டிக் குடுக்கறான், நீ வாங்கிட்டு வர்ற."

"அப்பா, அது அலைவரிசை..."

"எனக்கு அதெல்லாம் புரியாதும்மா." அவர் கத்தியிருந்தால் அவளும் கத்தியிருப்பாள். அவர் கத்தவில்லை. "படிக்க வெச்சேன். மத்தவன் சிரிச்சப்பவும் வெச்சேன். என்னால இழுக்க முடிஞ்சது அவ்ளோதான். ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றாங்க. மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்காம இரு."

அம்மா பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் தேய்த்தாள்.

மறுநாள் மதியம் அவள் கடைக்குப் போனாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள். பெண் பிள்ளை வாய்விட்டுச் சொல்வதா? சொன்னால் என்ன? ஞாயிற்றுக்கிழமைக்குள் யாராவது சொல்லித்தானே ஆகவேண்டும்!

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தாள்.

"நான் முதல்ல சொல்லிடறேன்." அவன் எழுந்து நின்றான். கை மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது. "இல்லைன்னா எப்பவுமே சொல்ல மாட்டேன். அன்னைக்கு... எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"உங்க போன்ல அந்த அலைவரிசை இல்லைன்னு. மாடல் நம்பரைப் பாத்ததுமே தெரிஞ்சிடுச்சு. பள்ளத்துல வீடுன்னதும், உள்ள ஒரு கோடுகூட நிக்காதுன்னும் தெரியும்."

அவளுக்குப் புரியவில்லை. புரிய மறுத்தது.

"தெரிஞ்சும் ஏன் சொல்லலை?"

"சொன்னா வேற போன் பாக்கறேன்னு எடுத்துட்டுப் போயிடுவீங்க. சொல்லலைன்னா... மறுநாள் சண்டை போடவாவது வருவீங்க." அவன் கண்ணில் நீர் திரண்டது. "அவ்ளோதான் நெனச்சேன். சத்தியமா இன்டர்வியூன்னு தெரியாது. இன்னொரு தடவை உங்களைப் பாக்கணும், அது ஒண்ணுதான். உங்களைப் பிடிச்சிருந்தது. அந்த முதல் நிமிஷத்துலயே."

தெருவில் ஒரு பஸ் நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு, போனது.

இந்த மாதிரிக் குறும்பைப் பற்றி யாராவது கதை சொன்னால் அவளே ரசித்திருப்பாள். பையன் பெண்ணைத் திரும்ப வரவைக்க ஒரு சின்னப் பொய் சொல்கிறான்... எவ்வளவு அழகு!

"நான் உங்க அப்பாகிட்ட வந்து பேசறேன்" என்றான்.

"என்ன பேசுவீங்க? உங்க பொண்ணு வேலையைக் கெடுத்தது நான்தான், அவளை எனக்கே குடுத்துடுங்கன்னா?"

அவன் மேசை விளிம்பிலிருந்து கையை எடுத்தான்.

"எங்கப்பா என்னைக் கட்டிக்குடுத்து அனுப்பிவைக்கப் பாக்கறாரு. நீங்க என்னை வரவைக்கப் பாத்தீங்க. ரெண்டு பேருமே என்மேல இருக்கிற பிரியத்துலதான். எனக்கு வந்த ஒரு போனை நான் எடுத்துப் பேசட்டுமேன்னு ஒருத்தருக்கும் தோணலை, இல்ல?"

அவனுடைய போனைத் திறந்து தன் சிம்மை எடுத்தாள். போனை மேசையில் வைத்தாள். இந்த முறை அடிக்கவில்லை. மெதுவாக வைத்தாள். அவனுக்கு அதுதான் அதிகம் வலித்திருக்க வேண்டும். முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"ஞாயித்துக்கிழமை என்னைப் பொண்ணு பாக்க வர்றவங்ககிட்ட முடியாதுன்னு சொல்லுவேன். உங்களுக்காகன்னு நெனச்சுக்காதீங்க. அப்புறம் அப்பா என்ன செய்வாரு, எங்க போவேன், எதுவும் தெரியாது."

வாசல்வரை போனாள். திரும்பினாள்.

"நான் ஒண்ணு சொல்லணும்னேன்ல. சொல்லிட்டுப் போயிடறேன், மனசுல வெச்சிக்கிட்டுப் புழுங்க முடியாது. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. நேத்து வரைக்கும்னு மட்டும் இல்ல, இந்த நிமிஷமும். அதுக்குத்தான் என்னை நானே மன்னிக்க முடியலை."

அவன் ஓர் அடி எடுத்து வைத்தான்.

"வராதீங்க" என்றாள். அவன் நின்றான். அவள் இறங்கி, கூட்டத்தோடு கூட்டமாக நடக்க ஆரம்பித்தாள்.