கழுமரத் துறையில் ஒரு திருமணம்

பொன்னொழுகி ஆற்றின் மேலைக்கரையில் கதிரவன் மறைந்து, கீழ்வானில் முழுநிலா எழுந்த அந்த வேளையில், கூடலங்கோட்டையின் மதில் நிழல் நீரில் நீண்டு கிடக்க, நாணல் புதர்களிலிருந்து நாரைகள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பிப் பறந்தன. இத்தனை அழகான மாலையில் ஆற்றுத்துறையில் ஊரே கூடியிருந்தது தேர்த் திருவிழாவுக்காக அல்ல, அன்பார்ந்த வாசகர்களே! படித்துறைக்கு அருகில் புதிதாக ஒரு கழுமரம் நட்டிருந்தார்கள். அதைப் பார்க்கத்தான் அத்தனை கூட்டமும்.

கழுவேறப் போகிறவன் கோட்டையின் காவல் தலைவன் காரி மழவன். பகைவருக்கு நீர்வாயிலைத் திறந்துவிட்டான் என்பது குற்றச்சாட்டு. உண்மையில் திறந்துவிட்டவன் தருமாசனத் தலைவர் விழுப்பரையரின் மருமகன். அதைக் கண்ணால் பார்த்தவன் காரி. பார்த்தவனையே குற்றவாளியாக்கித் தீர்ப்பெழுதிய விழுப்பரையர், நெற்றி நிறையத் திருநீறும் முகம் நிறையக் கருணையுமாக உயர்ந்த பீடத்தில் வீற்றிருந்தார்.

அந்த நாட்டில் ஒரு முறை உண்டு. கழுவேற்றுமுன் மூன்று தடவை, "தீர்ப்பை ஏற்கிறாயா?" என்று கேட்க வேண்டும். ஏற்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வழக்கு மன்னரிடம் போய்விடும். வாயே திறக்காவிட்டால் ஏற்றுக்கொண்டதாகப் பொருள். காரியை மணப்பதற்கு நிச்சயிக்கப்பட்டிருந்த சேந்தி, குதிரைப்படை வைத்தியரின் மகள், அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் கூட்டத்தின் முன்வரிசையில் நின்றாள்.

முதல் தடவை கேட்டார்கள். காரி பேசவில்லை. இரண்டாம் தடவை கேட்டபோது அவன் தொண்டையிலிருந்து ஒரு முனகல் மட்டும் வந்தது. முனகல் வார்த்தையாகாது என்று விழுப்பரையர் தீர்த்துச் சொன்னார். அப்போதுதான் சேந்தி அவன் உதட்டோரத்தில் இரத்தம் வழிவதைக் கண்டாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

காவலர்களை விலக்கிக்கொண்டு ஓடினாள். சாகப்போகிறவன் கழுத்தில் போட்டிருந்த அலரி மாலையைக் கழற்றித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள். தன் கூந்தலில் இருந்த பூச்சரத்தை அவன் கழுத்தில் இட்டாள். பேச முடியாத கணவனுக்காக மனைவி பேசலாம் என்பதும் அந்நாட்டு முறைதான்.

"என் கணவர் இந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. அவர் வாயைத் திறந்து பாருங்கள். நாக்கை அறுத்துவிட்டுக் கேள்வி கேட்கிறார் உங்கள் நீதிபதி" என்றாள்.

அக்கினி சாட்சியில்லாத கல்யாணம் கல்யாணமே அல்ல என்று எரிந்து விழுந்தார் விழுப்பரையர். அவளையும் சேர்த்துக் கட்டும்படி உத்தரவிட்டார். தீவட்டி பிடித்து நின்ற காவலன் ஒருவன் அப்போது முன்னால் வந்து, முகத்தை மறைத்திருந்த முண்டாசை அவிழ்த்தான். கூட்டம் முழுவதும் தரையில் விழுந்து வணங்கியது. போர்க்களத்தில் இருப்பதாக எல்லோரும் நினைத்திருந்த மன்னர் நரதுங்கரே அங்கு நின்றார்.

விழுப்பரையர்மேல் ஐயம் கொண்டு, சில நாட்களாகச் சிறைக்காவலனாக வேடம் பூண்டிருந்ததாக மன்னர் சொன்னார். நேற்றிரவு நீதிபதியின் ஆணைப்படி காரியின் நாக்கு அறுக்கப்பட்டதைத் தாமே நேரில் கண்டதாகவும் சொன்னார். அதே கழுமரம் விழுப்பரையருக்கு என்றார். பெரியவர் அலறிய அலறல் எதிர்க்கரை வரை கேட்டது. மருமகனைக் காட்டிக்கொடுத்தார், மன்னரின் பாட்டனாருக்குத் தாம் செய்த சேவையை எல்லாம் சொல்லி அழுதார். ஒருவரும் இரங்கவில்லை. எனக்கும் இரக்கம் வரவில்லை, வாசகர்களே.

காரியின் கட்டுகளைத் தாமே அவிழ்த்த மன்னர், தமது உடைவாளை அவன் கையில் கொடுத்து, கோட்டையையும் அவனுக்கே அளித்தார். மக்கள் வாழ்த்தொலி எழுப்பினார்கள். சேந்தி வாழ்த்தவில்லை.

"நேரில் கண்டதாகச் சொன்னீர்கள், அரசே. எங்கே நின்று கண்டீர்கள்?"

"விளக்குப் பிடித்து நின்றேன், அம்மணி. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டியிருந்தது."

"கத்தியை எடுத்ததும் களவு தெரியவில்லையா? அது வாய்க்குள் போய்த் திரும்ப வேண்டியிருந்ததா?"

காரி மன்னரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த முகத்தை அவன் நேற்றிரவே விளக்கொளியில் பார்த்திருந்தான். அறுக்கும் முன் கெஞ்சியதும் அந்த முகத்திடம்தான். அவன் உடைவாளைப் படியில் வைத்தான்.

சேந்தி ஆற்று நீரைக் கையில் அள்ளினாள்.

"அறுக்கச் சொன்னவருக்குத் தீர்ப்புக் கிடைத்தது. விளக்குப் பிடித்தவருக்குத் தீர்ப்புச் சொல்ல இந்த நாட்டில் ஒரு சபை கூடும்வரை, நானும் என் கணவரும் தங்கள் உப்பைத் தின்னமாட்டோம். இது சத்தியம்" என்று நீரை வார்த்தாள்.

இருவரும் ஓடத்தில் ஏறினார்கள். அவர்களைத் தடுக்க மன்னர் கை அசைத்திருந்தால் போதும். அவர் அசைக்கவில்லை. ஓடம் அக்கரை சேரும்வரை ஒருவரும் அவரை வாழ்த்தவும் இல்லை.