ஜன்னலில் தொங்கிய மூன்று பெயர்கள்

மூன்றாவது பொம்மை மட்டும் வேகவேயில்லை. ஒரே மாவு, ஒரே தட்டு, ஒரே சூடு. மற்ற இரண்டும் ஓரம் சிவந்து, இஞ்சியும் கிராம்பும் சர்க்கரைப்பாகும் மணக்க மொறுமொறுவென்று வந்திருக்க, இது மட்டும் நடுவயிற்றில் சொதசொதவென்று ஈரம் கட்டிக் கிடந்தது. தோர்ஹில்ட் அதை மறுபடி அடுப்புக்குள் தள்ளிப் பத்து நிமிடம் கழித்து எடுத்தாள். அதே ஈரம். தட்டை வெறுங்கையால் எடுத்திருக்கிறாள் என்பதே விரல் சிவந்த பிறகுதான் தெரிந்தது. வலிக்கவில்லை. மூன்று வாரமாக அவளுக்கு எதுவுமே வலிக்கவில்லை.

மூன்று வாரத்துக்கு முன்பு, சரியாக இறுகாத ஏரிப்பனிமேல் மீன் பிடிக்கப் போன அவள் கணவன் ஆர்வித், பனி உடைந்து உள்ளே போய்விட்டான். தேடினார்கள். மறுநாளே குளிர் இறங்கி ஏரி மூடிக்கொண்டது. இனி பனி உருகினால்தான் உடல் கிடைக்கும் என்றார்கள். சரி என்றாள். அழக்கூட வரவில்லை, பாவம்.

அந்த ஏரிக்கரை வீடுகளில் கிறிஸ்துமஸ் மாதம் பிறந்ததும், வீட்டில் எத்தனை பேரோ அத்தனை இஞ்சி பிஸ்கட் பொம்மை சுட்டு, சர்க்கரைப் பசையால் பெயர் எழுதி, சிவப்பு நாடாவில் ஜன்னலில் தொங்கவிடுவார்கள். இந்த வருடம் வேண்டாமென்றுதான் இருந்தாள். ஆறு வயது மகள் சிக்னே விடவில்லை. பழகிய கை அதன்பாட்டுக்கு மூன்று வெட்டியது, மூன்று பெயர் எழுதியது. தொங்கவிட்ட பிறகுதான் ஆர்வித்தின் பெயரைப் பார்த்தாள். இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

பிற்பகல் மணி மூன்றுதான், அந்த வடக்குக் குளிர்காலத்தில் அதற்குள் வெளியே கும்மிருட்டு. முற்றத்தில் சிக்னே பனி அள்ளும் மண்வெட்டியின் கரகரப்பும், கூரையிலிருந்து பனி சரியும் பொத்தென்ற ஓசையும், அவற்றுக்கு நடுவே ஜன்னல் கட்டையில் ஏதோ சொட்டும் சத்தமும் கேட்டன. ஆர்வித்தின் பொம்மையிலிருந்துதான் சொட்டியது. குனிந்து முகர்ந்தாள். இஞ்சி வாசனை இல்லை. பாசி வாடை. ஏரித் தண்ணீர்.

கூடத்தில் போன் அடித்தது. ஆர்வித்தின் அக்கா குட்ரூன்.

"என்னடி பண்றே?"

"பொம்மை சுட்டேன், அண்ணி."

"அடேயப்பா! போன வருஷம் நீ சுட்டதக் கடிச்சு என் பல்லே ஆடிப்போச்சு. ரெண்டுதானே சுட்டே?"

"மூணு."

குட்ரூனின் சிரிப்பு நின்றது. "பேரு எழுதினியா?"

"ம்."

"உனக்கென்ன பைத்தியமா? இன்னும் புதைக்கல அவன. அவன் பேரப் போய் ஜன்னல்ல மாட்டுவாங்களா? வா, இது உன் வீடுதான்னு கூப்பிட்ட மாதிரி ஆச்சேடி! மொதல்ல அதக் கழட்டி நெருப்புல போடு. புள்ள எங்க?"

"வெளிய."

"உள்ள கூப்பிடுடி, சீக்கிரம்!"

மண்வெட்டிச் சத்தம் நின்றிருந்தது. சிக்னே பேசிக்கொண்டிருந்தாள். ஏதோ கேட்டாள். பதிலுக்குக் காத்திருந்தாள். பிறகு சிரித்தாள்.

தோர்ஹில்ட் போனை அப்படியே போட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடினாள். மூன்று நாடா. இரண்டு பொம்மை. மகளின் பெயர் இல்லை.

கதவு திறந்தது. சிக்னே நின்றாள், தொப்பியெல்லாம் பனி.

"அப்பா உள்ள வரமாட்டாராம்மா. இங்க ரொம்பச் சூடாம்."

"யாரு... யாருடி?"

"அப்பாதான். என் பொம்மையக் கேட்டாரு. நீ போன்ல பேசிட்டிருந்தியா, நானே எடுத்துட்டுப் போய்க் குடுத்துட்டேன்."

"ஐயோ. தின்னாரா?"

"தலைய மட்டும். மிச்சத்த அங்க போய்ச் சேர்ந்து தின்னலாம்னாரு."

கதவைச் சாத்தினாள். தாழிட்டாள். மகளை இழுத்துக்கொண்டு அடுப்பெதிரே போனாள். அடுப்பைத் திறந்தாள். அனல் முகத்தில் அடித்தது. கோட்டைக் கழற்றினாள். கையைத் தேய்த்தாள். கன்னத்தைத் தேய்த்தாள்.

அப்போதுதான் பயம் வந்தது.

"எனக்குக் குளிரலம்மா," என்றாள் சிக்னே.

கூடத்தில் போனுக்குள் குட்ரூன் கத்திக்கொண்டிருந்தாள். அனலில் தோர்ஹில்டின் நெற்றி வேர்த்தது. சிக்னே சிரித்தபடி அடுப்புக்குள் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் தலைமுடியில் பனி. புருவத்தில் பனி. திறந்த கண்களின் மேலும் பனி, பொடிப்பொடியாக.

உருகவில்லை.