எழுப்பாமல் விட்ட காமன்

கலஹாவுக்கு மேலே, பழைய லயத்தின் முன்னால் ஆட்டோ நின்றபோது நல்ல பகல்தான். ஆனாலும் பனிமூட்டம் தேயிலை மலையைப் பாதிக்கு மேல் விழுங்கியிருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டத் தொழிலாளருக்கென்று வரிசையாகக் கட்டிய அந்த லயத்து வீடுகளில் இப்போது யாரும் குடியில்லை. அம்மிக்கல்லையும் கொழுந்துக் கூடைகளையும் அடுக்கி வைத்து, ஊர் பார்க்க வருகிறவர்களுக்காகத் திறந்திருக்கிறார்கள்.

நிரோஷா கண்டி டவுனில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமான புதிதில் கணவன் சுதேஷ் ஆசை காட்டியிருந்தான். "கடுகண்ணாவையில மலையைக் குடைஞ்ச பாதை, எம்பெக்கே தேவாலயத்துத் தூணு, அப்புறம் எங்க லயம். எல்லாத்தையும் ஒரே நாள்ல காட்டுறேன்." அந்த ஒரு நாள் வாய்க்கவேயில்லை. போன வருடம் மாசியில் அவன் செத்துப்போனான். அவன் சொன்ன வழியிலேயே, அவன் தம்பி திலீபனின் ஆட்டோவில், இன்று புறப்பட்டு வந்திருந்தாள்.

காலையிலிருந்தே ஏதோ சரியில்லை. வந்தது இரண்டே பேர்; கடுகண்ணாவைக் கடையில் கேட்காமலே மூன்று பிளேன்டீ வந்தது. எம்பெக்கேயில் காவலாள் அவளுக்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்து, செருப்பைக் கழற்றச் சொன்னான்.

இங்கே, லயத்தைப் பார்த்துக்கொள்ளப் புதிதாகச் சேர்ந்த அங்கம்மா வாசலுக்கு வந்தாள்.

"வாங்க, வாங்க. ஏன் அவரு மட்டும் பனியில நிக்கிறாரு?"

"யாரு அக்கா?"

"நீலச் சட்டை. ஒங்க வீட்டுக்காரருதானே?"

நிரோஷா திரும்பினாள்.

பனிதான் நின்றது.

நீலச் சட்டையோடுதான் சுதேஷைப் பெட்டியில் வைத்தார்கள்.

"ஒனக்குத் தெரியுதா தம்பி?"

"எனக்கும் தெரியல அண்ணி." என்றான் திலீபன். "நாங்க காமனை எழுப்பாம விட்டுட்டோம்."

போன மாசியில் இந்த லயத்துக்குப் பின்னால் திடலில் ஆடிய காமன் கூத்தில் சுதேஷ்தான் காமன்; நிரோஷா டவுனிலேயே இருந்துவிட்டாள். திலீபன் புடவை கட்டி ரதியாக ஆடினான். சிவன் காமனை எரித்ததோடு அன்றைய ஆட்டம் முடிந்தது. எரிந்த காமனை மூன்றாம் நாள் பால் தெளித்து உயிரோடு எழுப்ப வேண்டும். அதற்குள் கொழுந்து பறிக்கும் மலையில் மண் சரிந்து சுதேஷ் போய்ச் சேர்ந்தான். சாவு விழுந்த வீட்டில் கூத்தாவது ஒன்றாவது என்று அப்படியே விட்டுவிட்டார்கள்.

"எழுப்பாத காமன் எங்கயும் போகமாட்டான்," அங்கம்மா கிசுகிசுத்தாள். "கண்டவங்க கண்ணுல எல்லாம் படுவான். சொந்தக்காரங்க கண்ணுல மட்டும் படமாட்டான்."

நிரோஷாவுக்குப் பயம் வரவில்லை. வயிறுதான் எரிந்தது. டீ கொண்டுவந்தவனுக்குத் தெரிந்திருக்கிறான். காவலாளுக்குத் தெரிந்திருக்கிறான். ஒரு வருடமாக அழுதுகொண்டிருக்கும் தனக்குத் தெரியவில்லை.

"பால் இருக்கா அக்கா?"

"அவசரப்படாத தங்கச்சி. எழுப்புனா..."

"ஒரு தடவை பார்த்தாப் போதும் எனக்கு."

அடுப்படியில் இருந்த பால் செம்பைத் தானே எடுத்துக்கொண்டு லயத்தின் பின்பக்கம் ஓடினாள். காமன் திடலில், கூத்தன்று காமனாக எரித்த கம்பத்தின் கரிந்த அடிக்கட்டை இன்னும் இருந்தது. ஒரு வருட மழையில் ஊறியும், இப்போதுதான் அணைத்தது போல் புகை மணத்தது.

பாலை ஊற்றினாள்.

சாம்பல் சீறியது.

லயத்துக்குள்ளிருந்து சலங்கைச் சத்தம் கேட்டது. ஒரு காலடி. இன்னொரு காலடி. நடந்து வந்து அவளுக்கு நேர் எதிரே நின்றது.

"முகத்தக் காட்டுங்க," என்றாள்.

பனி விலகியது. தேயிலைச் செடிகள்தான் தெரிந்தன.

மூச்சிரைக்க ஓடிவந்த அங்கம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டு நாலு பக்கமும் பார்த்தாள். "இப்ப எனக்கும் தெரியலியே! சொல்ல விடாம ஊத்திட்டியே தங்கச்சி. எழுப்புன காமன் ரதி கண்ணுக்கு மட்டுந்தானே தெரிவான்."

ரதி.

நிரோஷா மெல்லத் திரும்பினாள். பின்னாலேயே ஓடிவந்திருந்த திலீபன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். அவன் பார்வை அவள் மேல் இல்லை. அவள் தோளுக்குச் சற்று மேலே இருந்தது.

"அசையாதீங்க அண்ணி. அண்ணன் ஒங்க தலையைத் தடவுறாரு."

அவள் அசையவில்லை. தலையில் எதுவும் படவில்லை. மூச்சை அடக்கிக் காத்திருந்தாள்; அப்போதும் ஒன்றும் படவில்லை.

"எப்படி இருக்காரு? சொல்லு தம்பி, நல்லா இருக்காரா?"

திலீபன் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆட்டோவை நோக்கி நடந்தான்.

ஆட்டோவில் ஏறும்போது கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள். ஒரு வருடமாகக் குங்குமம் காணாத வகிட்டில், ஈரச் சாம்பல் விரல் தடமாக இழுபட்டிருந்தது.